நான் நிரப்பிய விடைத்தாள்கள்

என் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேட்டில் 60 தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களில் 23 பேருடைய கடைசி விடைத்தாளை எழுதியது நான். அந்த ஆய்வேட்டை வைத்துப் பட்டம் வாங்கினேன். பட்டத்தை வைத்து நர்சிங் கல்லூரியில் வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருந்துகொண்டு முதுநிலை மாணவிகளுக்கு ஆய்வு முறைகள் என்ற பாடத்தை வருடா வருடம் நடத்துகிறேன். அதில் ஆய்வு நெறிமுறை என்றொரு பகுதி வரும். கரும்பலகையில் தலைப்பை எழுதும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். இத்தனை வருடம் இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

நர்சிங்கில் முதுநிலைப் படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. ஊசி போடுவதற்கு எதற்கம்மா எம்.எஸ்சி. என்று என் பெரியப்பாவே கேட்டிருக்கிறார். நம் நாட்டில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. முதுநிலைப் படிப்பு 1959-ல் டெல்லியில், இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரால் அறியப்படும் கல்லூரியில் வந்தது. இரண்டு வருடப் படிப்பு. பி.எஸ்சி. நர்சிங்கோ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யோ முடித்து, 55 சதவீத மதிப்பெண்ணும் ஒரு வருட வேலை அனுபவமும் இருந்தால் சேரலாம். குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம், மெடிக்கல் சர்ஜிக்கல் என்று பிரிவுகள் உண்டு. நான் எடுத்தது குழந்தைகள் நலம். தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சாக இருந்தபோது குழந்தைகள் வார்டில்தான் என் மனம் ஒட்டியது. சொல்லிக்கொடுக்கும் ஆசையும் இருந்தது, நைட் டியூட்டியிலிருந்து தப்பிக்கும் ஆசையும் இருந்தது. இரண்டும் உண்மை.

இந்தப் படிப்பின் முதுகெலும்பு ஆய்வேடு. டெசர்டேஷன் என்று சொல்வோம். முதல் வருடத்திலேயே தலைப்பு முடிவாகிவிட வேண்டும். நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கி, கேள்வித்தாளை நிபுணர்களிடம் காட்டித் திருத்தி, சிறிய அளவில் ஒரு முன்னோட்டம் பார்த்து, அதன் பிறகுதான் டேட்டா கலெக்‌ஷன். என் தலைப்பு, வயிற்றுப்போக்கு உள்ள ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு வீட்டுப் பராமரிப்புப் பற்றித் திட்டமிட்டுக் கற்பித்தால் அவர்களின் அறிவு எவ்வளவு கூடுகிறது என்பது. நூலகத்தில் ஏற்கெனவே அடுக்கடுக்காக இருந்த ஆய்வேடுகளின் அச்சுதான் இதுவும். நோய் மாறும், ஊர் மாறும், அமைப்பு ஒன்றேதான். முதலில் 30 கேள்விகள் கொண்ட பிரி டெஸ்ட், பிறகு படங்களைப் புரட்டிக் காட்டி ஒரு வகுப்பு, ஏழாம் நாள் அதே 30 கேள்விகளுடன் போஸ்ட் டெஸ்ட். இரண்டு மதிப்பெண்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை டி டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்கில் போட்டால் முடிவு வந்துவிடும்.

அந்த ஏழாம் நாள் எங்கிருந்து வந்தது? எனக்கு முன்னால் படித்தவர்கள் ஏழு நாள் என்று போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தை இரண்டு மூன்று நாளில் தேறி வீட்டுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததா? அந்த வார்டிலேயே வேலை பார்த்தவள் நான். ஏழாம் நாள் அந்தத் தாய் வார்டில் இருக்கமாட்டாள், திரும்ப வரச்சொல்ல வேண்டும் அல்லது நான் தேடிப் போக வேண்டும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றே புரிந்திருக்கும். போட்டுப் பார்க்கவில்லை. என் ஆய்வின் முதல் பிழை அது. பிழையைத் திருத்தலாம், அதற்கு வழி உண்டு. அதை மறைக்க நான் செய்த காரியம் வேறு வகை.

டேட்டா எடுத்தது வட மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில். கோடைக் காலம். சுற்றிலும் செங்கல் சூளைகள், கரும்புத் தோட்டங்கள். பெரும்பாலான தாய்மார்கள் கூலி வேலை செய்பவர்கள். குழந்தை கண் திறந்து பால் குடிக்க ஆரம்பித்ததும் கிளம்பத் துடிப்பார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளையில் தங்கி வேலை செய்பவர்களுக்கு ஒருநாள் நின்றால் ஒருநாள் கணக்கு ஏறும். “மேஸ்திரி ஆள் அனுப்பிட்டான் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் சீட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் போனவர்கள் உண்டு. கேஸ் ஷீட்டில் அப்ஸ்காண்டட் என்று எழுதி மூடிவிடுவார்கள்.

ஏழாம் நாள் வரச்சொல்லி எல்லோரிடமும் தேதி எழுதிக் கொடுத்தேன். பஸ் காசு தருகிறேன் என்றும் சொன்னேன். 37 பேர் வந்தார்கள், அல்லது நான் போய்ப் பார்க்க முடிந்தது. மற்றவர்களுக்குப் போன் செய்தால் கணவரோ மாமனாரோ எடுப்பார்கள். அவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்பார்கள். சிலர் ஊரையே விட்டுப் போயிருந்தார்கள்.

அப்போது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. 60 பேரைத் தொடங்கி 37 பேரைத்தான் முடிக்க முடிந்தது, 23 பேர் விட்டுப்போனார்கள், அவர்கள் இன்ன இன்னார் என்று எழுதியிருக்கலாம். ஆய்வில் இதற்கென்றே இடம் உண்டு. பெரிய மருந்து ஆய்வுகளில்கூட ஆட்கள் விட்டுப்போவார்கள், எத்தனை பேர், ஏன் என்று அட்டவணை போட்டுக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் நாள் கேட்டுக்கொண்டு புதிதாக ஆட்களைச் சேர்த்திருக்கலாம். என் கைடு கண்டிப்பானவர்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறவர். பொய்யாக நிரப்பு என்று அவரோ கல்லூரியில் வேறு எவருமோ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கல்விக் கடன் இருந்தது, ஊரில் மாமியாரிடம் விட்டுவந்த குழந்தை இருந்தது. அவற்றைக் காரணமாகக் காட்ட எனக்கு மனமில்லை. அதே கடனோடும் அதே குழந்தையோடும் நேர்மையாக எழுதியவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். என் ஆய்வு முழுசாக, அழகாக, 60 என்ற எண்ணோடு நிற்க வேண்டும் என்று நினைத்தேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஹாஸ்டல் அறையில் ஓர் இரவு உட்கார்ந்து நிரப்பினேன். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் கேள்வியை நாமே வாசித்து, அவள் சொல்லும் பதிலை நாமே டிக் அடிப்பதுதான் முறை. ஆகவே தாளில் என் டிக் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. தாமே எழுதத் தெரிந்த சிலருக்கு மட்டும் பேனாவை மாற்றிக்கொண்டேன். எல்லாவற்றையும் சரியாகப் போட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்று, துத்தநாக மாத்திரையை எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பலருக்கும் தவறான விடை போட்டேன். உண்மையாக வந்த 37 பேரில் நிறையப் பேர் அங்கேதான் தவறியிருந்தார்கள்.

மதிப்பெண்ணை எப்படி முடிவு செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், என் குற்றத்தின் அடிவேர் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவரின் பிரி டெஸ்ட் தாளையும் எடுத்துக் கல்வி என்ற கட்டத்தைப் பார்த்தேன். பிளஸ் டூ என்றிருந்தால் 25, 26 போட்டேன். எட்டாம் வகுப்பு வரை என்றால் 21, 22. படிக்காதவர் என்றிருந்தால் 17, 18. அந்தப் பெண்கள் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. படிக்காதவள் இவ்வளவுதான் கற்றுக்கொள்வாள் என்று என் மனதில் ஏற்கெனவே இருந்ததை விடைத்தாளில் இறக்கிவைத்தேன்.

பிறகு அந்தத் தாள்கள் எண்களாக மாறின. வெளியே புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுப்பவரிடம் கொடுத்தேன். டேட்டா ரொம்ப கிளீனா இருக்கு மேடம் என்றார். கை-ஸ்கொயர் அட்டவணையில் வயதோடும் குழந்தைகளின் எண்ணிக்கையோடும் மதிப்பெண்ணுக்குத் தொடர்பில்லை என்று வந்தது. தாயின் கல்வியோடு மட்டும் குறிப்பிடத்தக்க தொடர்பு இருக்கிறது என்று வந்தது. பி மதிப்பு 0.05-க்குக் கீழே என்று அந்த வரிக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். கல்வியறிவு குறைந்த தாய்மார்கள் கற்பித்தலை உள்வாங்குவதில் பின்தங்குகிறார்கள், அவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை என்று. அவர்கள் பின்தங்கினார்கள் என்று எனக்கு யார் சொன்னது? நான் போட்ட மதிப்பெண்தான் எனக்குத் திரும்பிச் சொன்னது. வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் அந்தப் பத்தியைத்தான் பாராட்டினார்.

நிரப்பி முடித்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அப்போதே மனம் உறுத்தியது என்று எழுதினால் அதுவும் பொய்.

தாள்களைக் கணக்குப் போடக் கொடுப்பதற்கு முன்பே என்னைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டிய ஒன்று நடந்தது. அந்த 23 பேரில் ஒருத்தி வார்டுக்குத் திரும்பி வந்தாள்.

சூளையிலிருந்து வந்தவள். முதல் தடவை, நான் வகுப்பு எடுத்த அன்று மாலையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டவள். இந்த முறை குழந்தை வேறு மாதிரி இருந்தது. ஒரு வயது முடியாத பையன். வீறிட்டு அழுதான், தொட்டால் துள்ளினான். வாயில் தண்ணீரை வைத்தால் விடாமல் இழுத்துக் குடித்தான். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தால், நீர்ச்சத்து இழந்த குழந்தைக்கு மடிப்பு விழுந்து நிற்குமே, அப்படி நிற்காமல் பிசைந்த மாவு போல இருந்தது. ரத்தத்தில் சோடியம் 150-ஐத் தாண்டியிருந்தது.

“பொடி குடுத்தியாம்மா?”

“குடுத்தேன் சிஸ்டர். நீங்க காட்டுன மாதிரியே கலக்கித்தான் குடுத்தேன். குடிக்கக் குடிக்க இன்னும் கேட்டு அழுவுறான்.”

“எவ்ளோ தண்ணியில?”

“ஒரு டம்ளர்ல.”

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் உப்புக் கரைசல் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். அதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு பல மடங்காகிவிடும். ரத்தத்தில் சோடியம் ஏறும். அவசரப்பட்டு அதை இறக்கவும் முடியாது. வேகமாக இறக்கினால் மூளை வீங்கும். இரண்டு நாள் மெல்ல மெல்ல டிரிப்ஸ் ஏற்றித்தான் இறக்க வேண்டும்.

ஏன் டம்ளரில் கலந்தாய் என்று கேட்டேன். போன வருடம் மூத்த பிள்ளைக்குப் பேதியானபோது கடையில் பொட்டலம் வாங்கினாளாம், கடைக்காரர் ஒரு டம்ளரில் கலக்கச் சொன்னாராம். அவர் சொன்னதில் தவறில்லை. கடைகளில் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் விற்கிறது, அதை ஒரு டம்ளரில்தான் கலக்க வேண்டும். பெரிய பொட்டலத்தையும் அவள் அதே போலக் கலந்திருக்கிறாள். என் படத் தொகுப்பில் வரைந்திருந்தது அளவுக்கோடு போட்ட கண்ணாடி ஜாடி. அவள் தங்கியிருந்த கொட்டகையில் ஒரு குடம், ஒரு சட்டி, ஒரு டம்ளர். ஒரு லிட்டர் என்று நான் சொன்னது அவள் வீட்டில் எந்தப் பாத்திரம் என்று நான் கேட்டதே இல்லை.

காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துவந்து, இது நிறைய, கழுத்து வரைக்கும் என்று காட்டினேன். உடனே புரிந்துகொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். பையன் தேறி வீட்டுக்குப் போனான்.

அவள் திரும்பி வந்த அன்றே ஹாஸ்டலுக்குப் போய் அவள் தாளைத் தேடி எடுத்தேன். ஒரு பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு லிட்டர் என்று டிக் இருந்தது. என் டிக். அந்தத் தாயின் அறிவு ஓரளவு போதுமானது என்று என் தாள் சொன்னது. அவளுடைய குழந்தை அந்த நேரத்தில் வார்டில் டிரிப்ஸோடு கிடந்தான்.

தாள்கள் அத்தனையும் அன்று என் கையில்தான் இருந்தன. கிழித்துப் போட்டிருக்கலாம். அந்த ஒரு தாளையாவது மாற்றியிருக்கலாம். செய்யவில்லை. திரும்பக் கட்டுக்குள் வைத்தேன். மறுநாள் கணக்குப் போடக் கொடுத்துவிட்டேன். முதல் இரவு செய்ததைவிட இது பெரிய குற்றம் என்று நினைக்கிறேன். முதல் இரவில் அந்தப் பெண்கள் எனக்கு வெறும் எண்கள். இப்போது ஒருத்தி முகத்தோடும் குழந்தையோடும் என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் பாடத்தில் எங்கே ஓட்டை என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஓர் ஆய்வாளருக்கு இதற்குமேல் என்ன கிடைக்க வேண்டும்? கண்ணாடி ஜாடியை எடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை வையுங்கள், கடைப் பொட்டலத்துக்கும் ஆஸ்பத்திரிப் பொட்டலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுங்கள் என்ற அந்த இரண்டு வரி என் ஆய்வேட்டில் இருந்திருந்தால், மற்ற எல்லாப் பக்கங்களையும்விட அதற்கு மதிப்பு அதிகம். அவை அதில் இல்லை.

இன்னொன்றும் பிற்பாடு உறைத்தது. ஒவ்வொரு தாயிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருந்தேன். விருப்பம் இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அதில் தமிழில் தெளிவாக இருக்கும், நானே வாசித்துக் காட்டியிருந்தேன். அந்த 23 பேரும் விலகியிருந்தார்கள். அது அவர்கள் உரிமை. என் வகுப்பைவிட அவர்களுக்கு அவசரமான வேலை இருந்தது. போனவர்களை இழுத்துவந்து உட்கார வைத்து, அவர்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுதிக்கொண்டேன். கைநாட்டு வைத்தவள் நாளைக்கு வந்து இதைப் படித்துப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியமும் அதில் இருந்தது.

பட்டம் வந்தது. ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரை தயாரித்து ஓர் இதழில் வெளியிட்டேன். பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணில் அதுவும் சேர்ந்தது. மாணவிகளுக்கு உப்புக் கரைசல் பற்றி வகுப்பெடுக்கும்போது தண்ணீர் பாட்டிலோடுதான் போவேன், கடைப் பொட்டலத்தையும் ஆஸ்பத்திரிப் பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். நல்ல உத்தி மேடம் என்பார்கள். யாரிடம் கற்றேன் என்று சொன்னதில்லை.

அதே வகுப்பில் திலீப் மஹலனாபிஸ் பற்றியும் சொல்வேன். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையில் போன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. பயிற்சி பெற்ற ஆட்களும் போதவில்லை. உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் தாயிடமும் அண்ணன் தங்கையிடமும் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார் அந்த டாக்டர். 30 சதவீதம் வரை போய்க்கொண்டிருந்த இறப்பு, இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1973-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1978-ல் லான்செட் இதழ், உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து குடலில் நீரை உறிஞ்சவைக்கும் இந்தக் கண்டுபிடிப்பு அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. அவர் 2022-ல் காலமானார், மறு வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். எழுத்தறிவைப் பற்றிக் கேட்காமல் உறவினர் கையில் குவளையைக் கொடுத்து நம்பினார் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். சொல்லும்போதே படிக்காதவருக்கு 17 என்று நான் போட்ட எண் நினைவுக்கு வரும். தரையில் வரிசையாக ஆட்கள் கிடந்த ஒரு முகாமில், செத்தவர்களையும் பிழைத்தவர்களையும் எண்ணிக் குறித்துவைத்திருக்கிறார்கள். கட்டிலும் ஃபேனும் இருந்த வார்டில் 60 பேரை என்னால் நேராக எண்ண முடியவில்லை.

நாங்கள் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் நாளில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் படத்துக்கு மாலை போடுவோம். 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரியில், அவர் பொறுப்பில் செவிலியர்கள் வேலை செய்த அதே ராணுவ ஆஸ்பத்திரியில், இறப்பு 40 சதவீதத்தைத் தாண்டியது. ஊர் திரும்பிய பிறகு அந்த எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தார். தன் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் வரும் என்று அதை விட்டுவிடவில்லை. என் தொழில் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்கியது.

இத்தனையையும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓய்வு பெறும் வரை இருந்திருப்பேனோ என்னவோ. நான் கைடாக இருந்த மாணவி ஒருத்தி வந்து நின்ற நாள்தான் என்னை உடைத்தது.

“மேடம், 11 பேர் போஸ்ட் டெஸ்டுக்கு வரலை மேடம். போன்லயும் கிடைக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றதுன்னு தெரியல.”

அவள் கண்ணில் பயம் இருந்தது. நேர்மையான பயம். அந்த நேரம் என்னிடமிருந்து அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். விட்டுப்போனவர்களை விட்டுப்போனவர்கள் என்றே எழுதும்மா, யார் யார் என்று அட்டவணை போடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய, நான் கேட்கவே போகாத வாக்கியம். நான் சொன்னது இது: “சாம்பிள் சைஸ் குறையக் கூடாதும்மா. எப்படியாவது முடிச்சுக் கொண்டு வா.”

இரண்டே நாளில் முடித்துக் கொண்டுவந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. தாள்களைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்துபோயிற்று. இதே வேலையைச் செய்த கைக்குத் தெரியாமல் இருக்குமா? இந்த ஆய்வேடு என் வழிகாட்டுதலில் இந்த மாணவி செய்த உண்மையான பணி என்று அச்சிட்ட சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். அறையை விட்டுப் போகும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அதுவரைக்கும் என் பொய் என்னோடு இருந்தது. அன்று அதை இன்னொருத்தி கையில் கொடுத்து அனுப்பினேன். இனி அவள் ஒரு கல்லூரிக்குப் போவாள், கைடாவாள், அவளிடமும் ஒரு பெண் வந்து நிற்பாள்.

சமீபத்தில் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய கட்டை எடுத்துவந்தேன். உண்மையான 37 தாள்களையும் என் 23 தாள்களையும் பிரித்தேன். 37-ஐ மட்டும் வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். மதிப்பெண் கூடியிருக்கிறது, அது உண்மைதான். கல்வியோடு தொடர்பு இல்லை. அந்த நட்சத்திரக் குறி போட்ட வரி காணாமல் போயிற்று. படிக்காத தாய்மார்களில் இரண்டு பேர் பிளஸ் டூ படித்தவர்களைவிட அதிகம் வாங்கியிருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று பார்த்தேன். வராத 23 பேரில் 16 பேர் தினக்கூலி. வந்த 37 பேரில் 9 பேர்தான் தினக்கூலி. வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரிகிறது. என் வார்டில் ஏழாம் நாள் திட்டம் யாரை எட்டியது, யாரை எட்டவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. கற்பித்தலை முதல் நாளே, கட்டிலருகே, அவள் கிளம்புவதற்குள் முடித்து, அவளையே ஒரு தடவை கலந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் கல்விக் குறைவு என்று அவர்கள் மேல் பழி எழுதினேன்.

கட்டுரை வெளியான இதழின் ஆசிரியருக்கு, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி எழுதிவிட்டேன். இரண்டு அட்டவணைகளையும் இணைத்திருக்கிறேன். நான் படித்த கல்லூரிக்கும், இப்போது வேலை பார்க்கும் கல்லூரிக்கும் தனித்தனியாகக் கடிதம் கொடுத்தேன். அவசரப்படாதே, ஒரு வாரம் யோசித்துக்கொள் என்றார் எங்கள் முதல்வர். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். வேலை போகலாம், பட்டமும் போகலாம். என் கணவரிடம் கடிதத்தின் நகலை வாசிக்கக் கொடுத்தேன். வெகு நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பையன் நல்லா இருக்கானா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவள் இருந்த சூளையை மூடிவிட்டார்கள்.

கடிதங்களை அனுப்புவதற்கு முன்னால் அந்த மாணவிக்குப் போன் செய்தேன். இப்போது வேறொரு ஊரில் டியூட்டராக இருக்கிறாள். என் ஆய்வேட்டைப் பற்றிச் சொன்னேன். அவளிடம் அன்று நான் சொன்னது தவறு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

“நீங்க சொல்லித்தானே மேடம் செஞ்சேன்.”

“ஆமாம்மா. நான் சொல்லித்தான் செஞ்சே.”

“அப்ப என் டிகிரி என்ன மேடம் ஆகும்?”

கைடாக இருந்தபோது ஒரு மாணவியைத் தவறான வழிக்குத் தள்ளினேன், சான்றிதழில் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று கல்லூரிக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அவள் பெயரை எழுதவில்லை, அவள் பங்கை அவள்தான் சொல்ல வேண்டும் என்று அவளிடமும் சொன்னேன். விசாரணை என்று வந்தால் முதல் கேள்வியே யார் அந்த மாணவி என்பதாகத்தான் இருக்கும். சொல்லாமல் இருந்தால் இன்னொரு பொய்யான ஆய்வேடு நூலகத்தில் இருக்கும், இன்னொரு 11 தாய்மார்கள் பேசாததைப் பேசிக்கொண்டிருப்பார்கள். சொன்னால், என்னிடம் வழி கேட்டு வந்த ஒரு பெண்ணை நானே குழியில் தள்ளிவிட்டு நானே காட்டிக்கொடுத்தவள் ஆவேன். இதை எழுதும் இந்த நேரம் வரை எனக்கு அதில் தீர்மானம் இல்லை.